ஒட்டாத தகடு

"நாளையில இருந்து சௌந்தரம் கிளீன் ரூமுக்குள்ள வரக் கூடாது சார்," என்றாள் சூப்பர்வைசர் கெசியா.

மேனேஜர் தேவசகாயம் விளக்கின் கீழ் இருந்த படிகத் தகடுகளைப் பார்த்தார். விண்வெளித் தொலைநோக்கிக்குப் போக வேண்டியவை. இதற்குப் பசை கிடையாது. வழுவழுவென்று மெருகேற்றிய இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு தூசியோ, துளி ஈரமோ இருந்தால் தீர்ந்தது கதை.

இந்த ஜோடியின் நடுவில் வளையம் வளையமாக நிறம் தெரிந்தது; ஏதோ சிக்கி, தகடுகள் ஒட்டவில்லை. ஆறு மாத உழைப்பு பாழ்.

"துடைச்சு வச்சது அவங்கதான். பத்து வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில தோல் ஒட்டுனவங்க. அங்க ஊதுற மாதிரியே இங்கயும் ஊதியிருக்காங்க. எச்சில் பட்டிருக்கு. செருப்பு ஒட்டுற கைய இங்க விட்டா வேற இன்னா ஆகும்?"

பசை தடவுமுன் தோல்தூளை வாயால் ஊதித் தள்ளுவது ஷூ கம்பெனிக்காரர்களின் பழக்கம். இந்தப் பக்கத்தில் அது தெரியாதவர்கள் கிடையாது.

ஊதினாயா என்று சௌந்தரத்தை மேனேஜர் இரண்டு முறை கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், கெசியாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அது போதாதா? லாக்கரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

கெசியாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கையும் களவுமாகக் காட்டிவிடலாம் என்று கேமராப் பதிவைப் போட்டாள்.

சௌந்தரம் முகமூடியைத் தொடக்கூட இல்லை. பதவிசாகத் துடைத்து வைத்துவிட்டு விலகி நின்றாள். அடுத்து ஒருத்தி வந்தாள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததோ என்னவோ, முகமூடியைக் கீழே இறக்கினாள். குனிந்தாள். உதட்டைக் குவித்து, லேசாக ஊதினாள்.

அது கெசியா.

அவளுக்கு நினைவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து ஷூ தோல் ஒட்டிய நாட்களில் படிந்த பழக்கம், அவளைக் கேட்காமலே ஊதியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

லாக்கர் அறைக்கு ஓடினாள். சௌந்தரம் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஊதுனது நான். பக்கத்துலயே நின்னு பார்த்தீங்க. ஏன் சொல்லல?"

சௌந்தரம் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் மேடம். இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கேந்து வந்துச்சுன்னு சார் கேட்பாரே. உங்க அம்மாவும் நானும் ஒரே டேபிள்ல தோல் ஒட்டுனவங்க. நீங்க இங்க எல்லார்கிட்டயும் அவங்கள டீச்சர்னு சொல்லி வச்சிருக்கீங்க."

கெசியா மேனேஜர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், எங்க அம்மா டீச்சர் இல்ல," என்று ஆரம்பித்தாள்.