தெய்வ நிந்தனைக்கு ஜாமீன் இல்லை

"என்னம்மா சொல்றே? உன் புருஷன் மேலேயேவா புகார்?"

"ஆமா சார். தெய்வ நிந்தனை. நேத்து பிரார்த்தனைக் கூடத்துல, அத்தனை பேர் முன்னால பேசினார்."

"என்ன பேசினான்?"

"'உள்ளே யாரும் இல்லை, எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க'ன்னு."

இன்ஸ்பெக்டருக்கு அலுப்பாக வந்தது. காலையெல்லாம் கோர்ட்டில் நின்றுவிட்டு அப்போதுதான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சாப்பாடு இன்னும் டப்பாவிலேயே இருந்தது.

ராஜா காலத்தில் இந்தக் குற்றத்துக்கு நாக்கை அறுத்தார்கள். அப்புறம் நாடு கடத்தினார்கள். இப்போது நாகரிகம் வந்துவிட்டதாம், மூன்று வருஷ ஜெயிலோடு விட்டுவிடுகிறார்கள். புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சமே வந்ததில்லை.

"தையல்கடைக்காரர்தானே உன் வீட்டுக்காரர்? போன வாரம் காய்ச்சல்ல குழந்தையைப் பறிகொடுத்தவர்?"

"ஆமா சார்."

"உனக்கும் அது குழந்தைதானேம்மா? பெத்த மனசு, ஏதோ ஆத்தாமையில நாலு வார்த்தை பேசிட்டார். பேசாம வீட்டுக்குப் போ."

"போக மாட்டேன் சார். எழுதிக்குங்க. இப்பவே ஆளை அனுப்பிப் பிடிச்சுட்டு வாங்க. ஜாமீன் கிடைக்காதுதானே?"

"கிடைக்காது."

"அப்போ சரி."

இவளெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தப் புகாரைத் தட்டிக் கழித்தால் அவர் தலைதான் உருளும். புகார் வந்த நிமிஷமே கைது என்பது மேலிடத்து உத்தரவு. ஏட்டைக் கூப்பிட்டு ஜீப்பை அனுப்பினார்.

தையல்காரரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்கியது. மனைவியைப் பார்த்ததும், "நீயா?" என்றார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரை லாக்கப்பில் விட்டுப் பூட்டினார்கள்.

"திருப்திதானே? கிளம்பும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் வெடுக்கென்று.

"கொஞ்ச நேரம் இப்படி உட்கார்ந்துக்கறேன் சார்."

அவர் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைப்பதற்குள் டெலிபோன் அடித்தது.

பேசப் பேச அவர் முகம் மாறியது. தையல்காரர் வீட்டுக் கதவை ஒரு கும்பல் உடைத்திருக்கிறது. கையில் கம்பும் கத்தியுமாம். ஆளைக் காணாத ஆத்திரத்தில் வீட்டுக்கே தீ வைத்துவிட்டார்களாம்.

ரிசீவரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன் வீடு எரியுதும்மா."

"இன்னிக்கு வருவாங்கன்னு தெரியும் சார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எரிஞ்சா எரியட்டும். அவர் இங்கே இருக்கார்ல."

இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்சம் முன்னால் இவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எதுக்கு இப்படிக் கட்டின புருஷன் மேலேயே கேஸ் போடணும்? பாதுகாப்பு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க கொடுத்திருக்க மாட்டோமா?"

ஏட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"காலையில அதைத்தான் சார் கேட்டு வந்தேன். ஜீப் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டாங்க."