ஈரத்துணியும் ரப்பர் வாஷரும்

வால்வைக் குழாயோடு பற்றவைக்கும் முன் வெல்டர் சூசை ஒரு கிழிந்த வேட்டித் துண்டைத் தண்ணீரில் முக்கி, வால்வைச் சுற்றிக் கட்டினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் சூடு தாங்காது.

ஒரு முனையில் தீப்பொறி பறந்தது. வந்த சூட்டையெல்லாம் துணி தன் ஈரத்தில் வாங்கி ஆவியாய் விட்டது. அதன் ஓரமெல்லாம் கருகிப்போனது.

"ஒரே குளிர். மூச்சு முட்டுது," என்றது வாஷர்.

"இன்னொரு முனை பாக்கி இருக்கு. சூடு பட்டா நீ கருகிடுவே, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றது துணி.

"சூடு சூடுன்னு பயங்காட்டினியே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நீ சும்மாதான் ஒட்டிக்கிட்டு இருக்கே."

துணிக்குச் சுருக்கென்றது. இதற்காகவா இவ்வளவு வெந்தோம் என்று நினைத்தது. சூசை அடுத்த முனைக்கு வந்தபோது, அது முடிச்சைத் தளர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் தரையில் நழுவி விழுந்தது. முகமூடி போட்டிருந்த சூசை கவனிக்கவில்லை.

வேலை முடிந்து தண்ணீர் திறந்ததும் வால்வு ஒழுகியது; உள்ளே வாஷர் கருகிப்போயிருந்தது. சூசை தலையில் அடித்துக்கொண்டு, கீழே கிடந்த அதே துணியை எடுத்து ஒழுகின இடத்தில் இறுக்கிக் கட்டினார்.

"குளிருதா?" என்று துணி மெல்லக் கேட்டது.

உள்ளேயிருந்து தண்ணீர் மட்டும்தான் வந்தது.