நாற்காலி போட்ட இடம்

பிட்ஸ்பர்க் பக்கத்தில் எங்கள் ஊரில், தெருவோரப் பனியை அள்ளி, தன் வண்டிக்கென்று ஒருவர் நாற்காலி போட்டுப் பிடித்த இடத்தில் வேறு எவனும் வண்டியை விடமாட்டான். அது எழுதாத சட்டம்.

எழுதிய சட்டப்படி நகராட்சி சோப்சாக் அம்மாவின் வீட்டை எடுத்து, இடித்து, வண்டி நிறுத்துமிடமாக்கியது. அந்த இடத்துக்கு மேற்பார்வை நான். தினமும் நடுவில் ஒரு மஞ்சள் சமையலறை நாற்காலி நிற்கிறது. குப்பையில் எறிந்தாலும் காலையில் திரும்பிவிடுகிறது. பொறுக்க முடியாமல் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வீட்டுக்குத்தான் பணம் குடுத்தாச்சே! நாற்காலிய வச்சு ஏம்மா உயிர வாங்குறீங்க?"

"எனக்குப் படி இறங்கவே முடியல, நாற்காலி வேற தூக்குறேனா? அது வீட்டோடயே நொறுங்கிப்போச்சு. நொறுக்குனது நீங்கதானே!"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. நாற்காலிமேல் மட்டும் பொட்டுப் பனி இல்லை. நிமிர்ந்தேன். பனி மேலே, அந்தரத்தில், இடித்த வீட்டின் கூரைச் சரிவாகக் குவிந்துகொண்டிருந்தது.