இருக்கையில் ஒரு பைன் காய்

தூறல் வண்டிக் கூரையில் ஓயாமல் பொரிகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய இந்த வண்டிதான் இப்போது கிளெனிஸின் வீடு. முப்பது வருடம் அவள் ரோஜா வளர்த்த வீட்டுக்கு விலை பேசி முடித்த பிறகுதான் கணவன் டெஸ்மண்ட் அவளிடம் சொன்னான். எதிரே நானூறு வயது மாளிகை நனைந்துகொண்டு நிற்கிறது. இந்தக் கோடையில் அவன் காட்டும் நாற்பத்தோராவது. உள்ளே, யாரும் உட்காரக் கூடாதென்று, நாற்காலிக்கு நாற்காலி செதில் குத்தும் ஒரு பைன் காய் வைத்திருந்தார்கள். முழங்கால் வலி தெறிக்க அவள் "வீட்டுக்குப் போகணும்" என்றபோது, "வீட்டத்தான் வாசல்ல நிறுத்தியிருக்கோமே" என்று அறையைக் காத்து நின்ற பெண்ணைப் பார்த்து அவன் சிரித்தான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இப்போது சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறான். "அடுத்தது எட்டே மைல்தான். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க, கிளம்பு." சொன்னவன் அப்படியே நிற்கிறான். ஓட்டுகிற இருக்கையின் நடுவில் ஈரம் காயாத பைன் காய் ஒன்று. "என்ன விளையாட்டு இது?" கிளெனிஸ் திரும்பவில்லை. ஒரே ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றுகிறாள். மழை அவன் முதுகில் இறங்குகிறது. கை நீட்டி அந்தக் காயை எடுக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.