இருமினால் இடமில்லை

"இன்னொரு தடவை இருமு."

"எதுக்கு?"

"முதல் தடவை சரியாக் கேக்கலை."

கண்டக்டர் இருமவில்லை. அடக்கினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கடைசியில் அது வெடித்தே விட்டது.

"உள்ளே விட முடியாது. அப்படி ஓரமா நில்லு, வர்றேன்" என்றார் டைம்கீப்பர்.

பஸ் டிப்போவின் ஆண்டு விழா. ரிப்பேர் ஷெட்டைக் கழுவி மேடை போட்டு, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். முகக்கவசம் இல்லாமல் யாரும் வரக்கூடாது, இருமுகிறவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று ஒரு வாரமாக மைக்கில் கத்தியவர் இந்த டைம்கீப்பர்தான். டிப்போவே அவருக்கு 'தும்மல் போலீஸ்' என்று பெயர் வைத்துவிட்டது.

"யோவ், இன்னிக்கு என் பொண்ணு பாடுறாய்யா. முதல் மேடை. எதிர்ல நான் இல்லைன்னா அவளுக்குக் குரலே வராது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குத் தெரியும். உன் சளிக்குத் தெரியாதே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு உயிர்னா வெல்லம்! அதுக்கு ஏன்யா எங்களை இந்தப் பாடு படுத்தறே?"

"ஆமா, நான் பயந்தாங்கொள்ளிதான். ஓரமா நில்லு."

அப்போதுதான் மேனேஜரின் கார் வந்து நின்றது. இறங்கிய மேனேஜர், டிப்போ அதிரும்படி ஒரு தும்மல் போட்டார்.

வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு டைம்கீப்பரைப் பார்த்தது.

"சார், நீங்க இந்தப் பக்கமா வாங்க" என்று அவர் பவ்யமாக மேனேஜரை ஷெட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பார்த்தீங்களா அநியாயத்தை! நாம இருமினா வெளியே. பெரிய மனுஷன் தும்மினா பின்வாசல்!" என்று கண்டக்டர் வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் எதிரில் நாறடிக்க வேண்டும் என்று பின்னாலேயே ஓடினார். ஷெட்டின் மூலை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கத்துப் பெரிய கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. மேடை பளிச்சென்று தெரிந்தது. வெளியே, மேடையைப் பார்த்தபடி பஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டில் ஒரே ஒருவர். ஸ்டோர்கீப்பர் மஃப்ளருடன் ஒன்றில். கேன்டீன் அக்கா கைக்குட்டையுடன் இன்னொன்றில். அடுத்ததில் ஏறிய மேனேஜர், சின்னப் பையன் மாதிரி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்ட எது இல்லைன்னாலும் பஸ்ஸுக்குப் பஞ்சமா? ஆளுக்கு ஒண்ணு" என்றார் டைம்கீப்பர். "உன்னுது அதோ, மேடைக்கு நேர் எதிர். நில்லுன்னா நிக்காம ஓடி வந்துட்டே."

"இதை வாசல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா, நல்லா இருக்கறவனும் இருமுவான்யா. டிரைவர் சீட்டுல உட்கார ஆசைப்படாத கண்டக்டர் உண்டா?"

கண்டக்டர் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

மகள் மேடைக்கு வந்தாள். மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் அப்பாவைத் தேடினாள். காணவில்லை. உதடு துடித்தது. அழுகை இதோ வந்துவிடும் போலிருந்தது.

கண்டக்டர் சட்டைப்பையில் கையை விட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊதினார்.

விசில். இன்னொரு விசில்.

இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம். வீட்டில் நடக்கும் ஒத்திகையெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸுக்குள் அப்பா! பளீரென்று சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

விசிலுக்கு இன்னொருவரும் அசைந்தார். முன்வரிசையில், தொப்பியும் முகக்கவசமுமாக ஒட்டிய தேகத்தோடு உட்கார்ந்திருந்தவரின் கை, பக்கத்தில் இல்லாத கியரைத் தேடிப்போய் ஒரு தள்ளுத் தள்ளியது.

கண்டக்டருக்கு அந்தக் கை தெரியும். வருஷக்கணக்காகத் தன் விசிலுக்குக் கியர் போட்ட கை.

"டிரைவர் அண்ணன்!"

"கத்தாதே" என்று ஜன்னலுக்குக் கீழிருந்து டைம்கீப்பரின் குரல் வந்தது. "கிட்னி மாத்தினப்புறம் இன்னிக்குத்தான் வெளியே வந்திருக்காரு. ஒரு சின்னச் சளி ஒட்டிக்கிட்டாலும் திரும்ப ஆஸ்பத்திரிதான்."

"அண்ணனுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வழிவிட்டிருப்போமேய்யா!"

"நீங்க விடுவீங்க. அவரு வரமாட்டாரே. தன்னால நாலு பேருக்குத் தொந்தரவுன்னு தெரிஞ்சா வீட்டை விட்டே கிளம்ப மாட்டாரு. அதான், பயம் என்னோடதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பாட்டு முடிந்தது. உள்ளே கைதட்டல். வெளியே எல்லா பஸ்ஸும் ஹாரன் அடித்தன. மேனேஜர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாகவே இல்லை. முன்வரிசைத் தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மகளை இழுத்துக்கொண்டு கண்டக்டரின் மனைவி ஓடி வந்தாள்.

"எட்டி நில்லு, எட்டி நில்லு, இருமல்!" என்று கண்டக்டர் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"பெத்த அப்பனை வெளியே உட்கார வச்சுட்டானே! எங்கே அந்தத் தும்மல் போலீஸ்? நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்!"

கண்டக்டர் கீழே பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டியிருந்த டைம்கீப்பர் அவசரமாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"கேளு, நல்லாக் கேளு" என்றார் கண்டக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்த ஆளுக்கு உயிர்னா வெல்லம்!"