பங்களாக் கிடா

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட செவலை, புள்ளி என்ற இரண்டு கிடாக்கள் ஒரே கொட்டடியில் கிடந்தன.

"எங்க பங்களாவுல எனக்குப் பிஸ்கட்டுதான்" என்று செவலை அளக்காத நாளில்லை. பங்களாவாவது ஒன்றாவது, செவலை வளர்ந்தது வெறும் ஓலைக் கொட்டகை என்று புள்ளிக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பீற்றலைக் கேட்டுச் சிரித்தால்தான் அதற்கு அரிவாள் ஞாபகம் வராது.

கோயில் கொடைநாளில் இரண்டின் மேலும் மஞ்சள்தண்ணி தெளித்தார்கள். உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று வெட்டிவிடுவார்கள். உதறாத கிடா அடுத்த கொடைவரை பிழைத்துக் கிடக்கும்.

செவலை விறைத்து நின்றது. "பன்னீர் தெளிக்கிறாங்க. நாலு பேர் முன்னால உடம்பை உதறுறது பங்களாப் பழக்கமில்லப்பா."

புள்ளிக்குச் சிரிப்பு பீறிட்டு உடம்பே உதறிப்போனது.

"உத்தரவு கிடைச்சிருச்சு!" என்று கூட்டம் குலவையிட்டது.

மறுவாரம் புள்ளியின் முளையில் ஒரு புதுக் கிடாவைக் கட்டினார்கள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"எங்க பங்களாவுல..." என்று ஆரம்பித்தது செவலை.

புதுக் கிடாவுக்கு நடுக்கம் நின்று சிரிப்பு வந்தது.