தூணா, காலா?

பூகம்பத்தில் இடிந்த அடுக்குமாடி வீட்டுக்குள் டாக்டரம்மா தவழ்ந்து போனார். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் காலைத் தூண் ஒன்று அழுத்திக் கிடந்தது.

"காலை எடுத்தாத்தான் உயிர் பிழைக்கும், ஐயா. மேல் தளம் எப்ப விழும்னு தெரியல."

"கால் வேணும்மா! தூணை உடைங்க."

"எதால? இது கான்கிரீட்டுய்யா, வெண்ணெய் இல்ல" என்று எரிந்து விழுந்தார் கூட வந்த தீயணைப்புக்காரர்.

டாக்டரம்மா மயக்க ஊசியை நிரப்பினார், ரம்பத்தை எடுத்தார். இந்த மாதிரி அலட்டல்காரர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

அந்த ஆள் ரம்பத்தைப் பார்த்தார். ஆட்கள் அழுதுகொண்டிருந்த வெளிப்பக்கத்தையும் பார்த்தார்.

"கடப்பாரையால ஒரு குத்து விட்டுப் பாருங்க. உதிர்ந்துடும்."

கிறுக்கனின் கடைசி ஆசை என்று நினைத்துத் தீயணைப்புக்காரர் குத்தினார். தூண் பொலபொலவென்று கொட்டியது. எலும்பு முறிந்திருந்தாலும் கால் முழுசாக வெளியே வந்தது. கால் தப்பியதும் ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே? கொத்தனாரா நீ?" தீயணைப்புக்காரர் கத்தியே கேட்டார்.

சிரிப்பு நின்றது.

"கான்ட்ராக்டர். இந்த வீட்டைக் கட்டினதே நான்தான். மெதுவாப் பேசுப்பா, வெளிய குடித்தனக்காரங்க நிக்கறாங்க."